விடைக்குக் கீழே ஒரு நத்தை

லவீனியா கோஸ்மா என்று பேரை எடுத்தாலே எங்கள் ஊரில் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம் பாவம்! பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கில் தொகையீடும் எல்லையும் அணிகளும் நடத்தியவள். ஒரு கையில் சாக்பீஸ், இன்னொரு கையில் பிள்ளை என்று நான்கைந்து வருஷம் ஓடியவள். அவளைப் பாவம் என்பதற்கு இவர்கள் யார்? பாவப்பட வேண்டுமென்றால் அவள் போன பிறகு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துப் படட்டும். என்னைப் பார்த்து யாரும் பட வேண்டாம். நான் செய்ததைச் சொன்னால் படவும் மாட்டார்கள்.

நான் வலேரியா. அதே பள்ளியில் முப்பத்தாறு வருஷம் வேதியியல் நடத்தினேன். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதிலும் சொல்வதில்லை. தப்பைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது, அது என் வியாதி. மருந்துக்கடைப் பலகையில் எழுத்துப்பிழை இருந்தது, நானே போய் நின்று திருத்த வைத்தேன். ஈஸ்டர் பூசையின் நேரத்தை மாற்றிச் சொன்ன பாதிரியாரை நடுக் கோயிலில் "இல்லை சாமி" என்று நிறுத்தியிருக்கிறேன். மரத்தாலான அடிப்பாகம் வைத்த செருப்புதான் போடுவேன், கால்வலிக்கு. அந்த டக் டக் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டால் பையன்கள் சிகரெட்டை ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

லவீனியா என் வீட்டுக்கு ஒரு மாடி கீழே இருந்தாள். எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். அவள் சமையலறை ஜன்னலும் பன்னிரண்டாம் வகுப்பு ஜன்னலும் நேருக்கு நேர். மூத்தவள் டாரியாவுக்கு அப்போது நாலரை வயது. இளையவன் ராரேஷ் பிப்ரவரியில் பிறந்தான். புருஷன் நெலு ஸ்பெயினில் சுவர் பூசுகிற வேலைக்குப் போயிருந்தான். கிறிஸ்துமஸுக்கும் ஆகஸ்ட்டுக்கும் வருவான், வந்தால் ஒரு வாரம் தூங்குவான்.

அவளுக்கு நிரந்தர வேலை கிடையாது, அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. ஜூனில் ஒப்பந்தம் முடியும், செப்டம்பரில் மறுபடியும் மாவட்ட அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். இதில் பிள்ளை பெற்றுக்கொண்டு இரண்டு வருஷம் லீவு போட்டால் வகுப்பு வேறு கைக்குப் போய்விடும். அதனால் ராரேஷ் பிறந்து சட்டப்படி கட்டாயமான நாற்பத்திரண்டு நாள் முடிந்ததும், நாற்பத்து மூன்றாவது நாள் காலையில் கரும்பலகை முன்னால் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன்டி, உனக்குப் பைத்தியமா? இன்னும் ஒரு மாசம் படுத்திருந்தா உலகம் அழிஞ்சிடுமா?" என்று திட்டினேன்.

"பசங்களுக்கு ஜூன்ல பரீட்சை அக்கா. தொகையீட்டை பாதியில விட்டுட்டுப் படுத்திருந்தேன். தூக்கமே வரல."

"குழந்தை பாலுக்கு அழுதா?"

"அதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன்."

அந்த வழி என்னவென்றால் துண்டு. தரைத்தளத்தில் காத்ரினா என்று ஒருத்தி, ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், காலையில் லவீனியா வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். ராரேஷுக்குப் புட்டிப்பால் ஆகாது, மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். அவன் பசித்து அழுதால் காத்ரினா சமையலறை ஜன்னலில் சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவாள். தூங்கினால் வெள்ளைத் துண்டு. லவீனியா பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள், அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள்தான் பார்த்துச் சொல்வார்கள்.

"டீச்சர், சிவப்பு!"

"ஏழாவது கணக்கு. பகுதி பகுதியா தொகையிடணும். யார் என்ன எழுதினாலும் நான் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டு முற்றத்தைத் தாண்டி ஓடுவாள். பத்து நிமிஷத்தில் பிளவுஸ் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பி வருவாள். அந்தப் பத்து நிமிஷம் அந்த வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும். என் வகுப்பில் நான் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாலே சத்தம் போடுகிற அதே பிசாசுகள்!

டாரியா கதை வேறு. பாலர் பள்ளி வாரத்தில் ஒரு நாளாவது மூடிக் கிடக்கும். சளிக்காய்ச்சல் என்பார்கள், கொதிகலன் வெடித்தது என்பார்கள். அன்றைக்கெல்லாம் அவள் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நாலரை வயதுப் பிள்ளை ஐம்பது நிமிஷம் எப்படி உட்காரும்? "அம்மா முடிஞ்சுதா? அம்மா முடிஞ்சுதா?" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் லவீனியா அவளைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"இங்க பாரு. கணக்கு ஓடிட்டு இருக்கும்போது அம்மா கணக்கோட அம்மா. கணக்கு முடிஞ்சதும் கீழ ஒரு நத்தை போடுவேன். நத்தையைப் பாத்தா அம்மா உன் அம்மா. அப்ப ஓடி வந்து ஒரு முத்தம் வாங்கிட்டுப் போ. சரியா?"

"ரெண்டு கொம்போட?"

"ரெண்டு கொம்போட."

அன்றிலிருந்து விடைக்குக் கீழே ஒரு நத்தை. ஒரு சுருள், ஒரு கோடு, இரண்டு கொம்பு, மூன்று வினாடி வேலை. டாரியா குடுகுடுவென்று ஓடி வருவாள், கன்னத்தில் முத்தம் வாங்கிக்கொண்டு திரும்பிப் போவாள். வகுப்பு சிரிக்கும், அடுத்த கணக்கு ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் பிள்ளைகளும் தங்கள் நோட்டில் விடைக்குக் கீழே நத்தை போட ஆரம்பித்தார்கள். கணக்கு சரியாக வந்தால்தான் நத்தை. வராவிட்டால் வெறும் கூடு போடுவான்கள், சேட்டை!

என் நோட்டுத் திருத்தலிலும் அது வந்து தொலைத்தது. "இதென்ன வேதியியல் நோட்டுல புழு?" என்று கத்தினேன். "புழு இல்ல டீச்சர், சமன்பாடு சமனாயிடுச்சு" என்றான் ஒருவன். அடிக்கக் கை வந்தது, சிரிப்பும் வந்தது.

அந்த வருஷம் எங்கள் பழைய கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நிரந்தர இடம் காலியானது, அதுவும் அவள் வீட்டு ஜன்னலுக்கு எதிரிலேயே. ஜூலையில் நிரந்தரப் பணிக்கான எழுத்துப் பரீட்சை. பத்துக்கு ஏழாவது வாங்கி மற்றவர்களை முந்தினால் இடம் அவளுக்கு. ஐந்துக்கு மேல் வாங்கினால் எங்காவது ஒரு கிராமத்தில் தற்காலிக வேலையாவது கிடைக்கும். அதற்கும் கீழே போனால் ஒன்றும் கிடையாது, வீட்டில் உட்கார வேண்டியதுதான். நெலு போன வருஷத்திலிருந்தே "அங்க என்ன இருக்கு, எல்லாத்தையும் விட்டுட்டு வா, இல்லாட்டி இத்தாலிக்காவது போ, அங்க கிழவர்களைப் பாத்துக்க ஆள் தேடுறாங்க" என்று போனில் அரித்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு இடம் கிடைத்தால் பிள்ளைகளை விட்டு எங்கேயும் போக வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் தலைமை ஆசிரியர் இருக்கிறாரே, அவர் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் பிறக்கவில்லை. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும், "குழந்தையும் குட்டியுமா இருக்கிறவங்க இதுல எல்லாம் ஏன் கஷ்டப்படணும் மேடம்?" என்றார்.

"நீங்க மூணு பிள்ளை பெத்துட்டுத்தானே தலைமை ஆசிரியர் ஆனீங்க?" என்றாள் லவீனியா.

"அது என் மனைவி பெத்தது."

"அதான் உங்களுக்குக் கஷ்டம் தெரியல."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த முட்டைக்கோஸ் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரித்த கடைசிச் சில நாட்கள் அவை.

அவள் படித்த இடம் எங்கள் மாடிப்படி. வீட்டுக்குள் படித்தால் ராரேஷ் விழித்துக்கொள்வான். கதவைத் திறந்து வைத்து, படியில் குந்தி, முழங்காலில் அட்டை வைத்துக்கொண்டு எழுதுவாள். கீழ்ப்படியில் டாரியா. நான் பால் வாங்கப் போகும்போதும் வரும்போதும் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் நத்தை, முத்தம். ஏப்ரல், மே, ஜூன் முழுக்க இதே கதை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நத்தைகள். பார்த்தால் பேனா தானாகவே சுழலும், அவள் கண் அடுத்த கணக்குக்குப் போயிருக்கும்.

"கை ஓய்ஞ்சு போகப் போகுது" என்றேன் ஒரு நாள்.

"தப்பு ஏதாவது இருக்கா பாருங்க அக்கா."

"எனக்கு உன் கணக்கு என்ன தெரியும்? அந்த மூணாவது வரில கூட்டல் குறி மாதிரி இருக்கு, மேல கழித்தல் இருந்துச்சு."

அவள் பார்த்தாள். தப்புதான். "அம்மாடி! தொகையீடே தெரியாம தப்பக் கண்டுபிடிக்கிறீங்களே. உங்க கண்ணுல பட்டா எதுவும் தப்பிக்காது" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஜூனில் அவள் பிள்ளைகளுக்குப் பள்ளியிறுதிப் பரீட்சை. எங்கள் பக்கத்துப் பரீட்சைகளில் விடைத்தாளின் மேல்மூலையில் பேர் எழுதி, மடித்து ஒட்டி, முத்திரை வைத்துவிடுவார்கள். திருத்துகிறவருக்கு யாருடைய தாள் என்று தெரியக் கூடாது. அந்த மூலைக்கு வெளியே பேர், கையெழுத்து, படம், ஏதாவது ஒரு அடையாளம் இருந்தால் போச்சு. இது ஏதோ சொல்லிவைத்த குறி என்று முழுத் தாளையும் ரத்து செய்துவிடுவார்கள். எத்தனை சரியாக எழுதியிருந்தாலும் செல்லாது, மேல்முறையீடும் கிடையாது. பரீட்சைக்கு முந்தின நாள் நான் தாழ்வாரத்தில் போகும்போது லவீனியாவின் குரல் கேட்டு நின்றேன்.

"கேளுங்க. எல்லாத்தையும் மறந்தாலும் பரவாயில்ல, இத மறக்காதீங்க. நாளைக்கு யாரும் நத்தை போடக் கூடாது. ஒரு நத்தை, பன்னிரண்டு வருஷப் படிப்பு காலி."

"எறும்பு போடலாமா டீச்சர்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"எறும்பு போட்டா நான் உன் வீட்டுக்கு வந்து உதைப்பேன். சத்தியம் பண்ணுங்க எல்லாரும்."

முப்பது பேரும் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள். முப்பது பேரில் ஒருத்தர் தாளும் ரத்தாகவில்லை. இருபத்தேழு பேர் கணக்கில் தேறினார்கள், எங்கள் ஊரில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவளுடைய பரீட்சை ஜூலை நடுவில், மாவட்டத் தலைநகரில். மேற்பார்வைக்கு எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், அதில் நான் ஒருத்தி. காலையில் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த அறை என்று பிரித்தார்கள். எனக்கு விழுந்தது ஐந்தாம் அறை. பட்டியலைப் பார்த்தால், கோஸ்மா லவீனியா. எழுதுகிறவரில் தெரிந்தவர் இருந்தால் அப்போதே சொல்லி அறை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு தாள், கீழே கையெழுத்து. நான் சொல்லவில்லை. "யாரும் இல்லை" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தெரிந்த முகம் ஒன்று இருந்தால் அவளுக்குத் தெம்பாக இருக்குமே என்று நினைத்தேன்.

காத்ரினா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லவீனியா வந்த அதே வேனில் வந்திருந்தாள். புட்டிப்பால் குடிக்காத குழந்தையை நாற்பது கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு எப்படி வருவது? பள்ளிக் கேட்டுக்கு எதிரே மர நிழலில் உட்கார்ந்தார்கள். பரீட்சை நான்கு மணி நேரம். லவீனியா கடைசி நிமிஷம் வரை அங்கே பால் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அந்த வருஷம்தான் அறைகளில் கேமரா வைத்தார்கள். மூலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். என்னோடு மேற்பார்வைக்கு வேறு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர், கழுத்தில் விசில் மட்டும்தான் இல்லை. முந்தின மாதம் பிள்ளைகள் பரீட்சையில் ஒரு மேற்பார்வையாளர் யாருக்கோ முணுமுணுத்தார் என்று வேலையை விட்டே தூக்கியிருந்தார்கள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

விதிமுறையை நான்தான் வாசித்தேன். "மடித்த மூலைக்கு வெளியே எந்த அடையாளமும் கூடாது" என்ற வரியை என் குரலில்தான் அவள் கேட்டாள். தலையாட்டினாள்.

மூன்று மணி நேரம் அவள் நிமிரவில்லை. புழுக்கம், ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. பதினோரு மணி வாக்கில் வெளியே ராரேஷ் அழுகிற சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் அது ஏதோ ஒரு குழந்தை. லவீனியாவின் பேனா நின்றது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவள் பிளவுஸின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரமாகிப் பரவுகிறது. கைக்குட்டையை உள்ளே செருகிக்கொண்டாள், மறுபடியும் எழுதினாள். அந்த உடற்பயிற்சிக்காரர் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார்.

முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது வரிசைகளுக்கு நடுவே ஒரு நடை நடந்தேன். அவள் மேசைப் பக்கம் வந்தேன். கடைசிப் பக்கம் தனியாக மேசையோரம் கிடந்தது, கணக்கு முடிந்திருந்தது. விடையைச் சுற்றி அழகாக ஒரு கட்டம். கட்டத்துக்குக் கீழே, சுத்தமான தாளில், நீல மையில், இரண்டு கொம்போடு ஒரு நத்தை.

என் கால் நின்றுவிட்டது.

அவள் அதைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து குறிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் இருந்தது. புதுத் தாள் கேட்டு அந்த ஒரு பக்கத்தை மறுபடி எழுதினால் பத்து நிமிஷம் போதும், பழைய தாளை அடித்துக் கொடுத்துவிடலாம், விதியில் இடமிருக்கிறது. யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். சிவப்பு விளக்கைப் பார்த்தேன். காலையில் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. தெரிந்தவளை மறைத்து உள்ளே வந்தவள், இப்போது அவளிடம் பேசவும் செய்தாள் என்றால்? திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மர நிழலில் டாரியா குந்தி உட்கார்ந்து தரையில் குச்சியால் என்னவோ கீறிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. அவள் தாளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கங்களை எண்ணினேன், எட்டு. அவள் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள். "நல்லா எழுதியிருக்கேன்னு நினைக்கிறேன்" என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டு ஓடினாள், மார்பைக் கையால் மூடிக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க.

மாடிப்படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் தனியாகப் பேசியிருக்கவே வேண்டாம். "அனைவரும் கடைசியாக ஒரு முறை பாருங்கள், மூலைக்கு வெளியே எந்த அடையாளமும் இருக்கக் கூடாது" என்று அறை முழுக்கக் கேட்கும்படி விதியை மறுபடி வாசித்திருக்கலாம். அதற்கு அனுமதி உண்டு. எந்தக் கேமராவும் ஒன்றும் சொல்லியிருக்காது. முப்பத்தைந்து வருஷம் பரீட்சை மேற்பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை! அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு வாரம் நான் அவளைத் தவிர்த்தேன். திருத்துகிறவர் பெரிய மனதோடு விட்டுவிடுவார் என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவர் விடவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், சட்டப்படி செய்தார். பட்டியலில் அவள் பேருக்கு நேரே எண் இல்லை, "ரத்து" என்று இருந்தது. எங்கள் பள்ளி இடத்தை நகரத்துப் பையன் ஒருவன் ஏழரை வாங்கி எடுத்தான்.

அன்று மத்தியானம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். காரணம் என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. "பேர வெளியே எழுதல, கையெழுத்துப் போடல, வேற மை எடுக்கல. என்ன பண்ணித் தொலைச்சேன் அக்கா?" என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பால் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

கீழ்ப்படியிலிருந்து டாரியா கேட்டாள், "அம்மா, அங்க கணக்கு முடிஞ்சதும் நத்தை போட்டியா?"

லவீனியாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்கள் காற்றில் ஒரு சுருள் போட்டு நின்றன.

"போட்டியாம்மா?"

"இல்லடி செல்லம். போடல."

"ஏன் போடல? அப்ப நான் எப்படி வருவேன்?"

அதற்கு மேல் லவீனியாவால் தாங்க முடியவில்லை. என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். "முப்பது பேருக்குச் சொன்னேன் அக்கா. சத்தியம் வாங்கினேன். எந்தப் பக்கத்துல போட்டேன்னு கூட எனக்குத் தெரியல" என்றாள். எட்டாவது பக்கம். எனக்குத் தெரியும். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொடுக்க மட்டும் கை நன்றாக வந்தது எனக்கு!

அக்டோபரில் அவள் இத்தாலிக்குப் போனாள், நடக்க முடியாத ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ள. பிள்ளைகள் அறுபது கிலோமீட்டர் தள்ளி, நெலுவின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நாலு. "என்னிடம் விட்டுப் போ" என்று நான் சொல்லியிருக்கலாம், இரண்டு அறை வீட்டில் தனிக்கட்டைதானே. ரத்த அழுத்தம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பிள்ளை என் வீட்டில் உட்கார்ந்து நத்தை போடுவதைத் தினமும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வேன் கிளம்பும்போது டாரியா அழவில்லை. கணக்காகக் கேட்டாள், "எத்தன நத்தை கழிச்சு வருவ?"

எந்தக் கணக்குக்கும் விடை வைத்திருந்தவள் குனிந்து அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். ராரேஷ் காத்ரினா தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பால் வற்றட்டும் என்று முந்தின வாரமே லவீனியா மார்பில் முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டியிருந்தாள், அப்படியும் பிளவுஸ் நனைந்துதான் வேனில் ஏறினாள்.

நகரத்துப் பையன் இரண்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் தொடங்கி கண்டவர்களும் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஜூனில் ஐந்து பேர் தேறினார்கள். அதற்கடுத்த வருஷம் அந்தக் கணக்குப் பிரிவையே மூடிவிட்டார்கள். தலைமை ஆசிரியர் "பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று அறிக்கை எழுதினார். அதில் மூன்று பிழை இருந்தது, நான் திருத்தவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவளுக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. அங்கே ஏதோ சதுக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்வாள். கிழவரின் மாத்திரை டப்பா பின்னால் கணக்குப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்வாள். ராரேஷ் நாத்தனாரை அம்மா என்கிறான், திரையில் இவளைக் கண்டால் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறான் என்பாள். டாரியா பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டையே கொண்டுபோவதில்லையாம். இதையெல்லாம் அழாமல் சொல்வாள், வாய்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

மூன்றாவது வருஷம் ஈஸ்டர் ஞாயிறு. நான் ஓய்வு பெற்றிருந்தேன், இனி என்னை யாரும் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் தைரியம் வந்தது, பாருங்கள். "லவீனியா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த நத்தையை நான் பாத்தேன். இருபது நிமிஷம் இருந்துச்சு. பாத்துட்டு வாய மூடிட்டு நின்னேன்" என்றேன். ஒரே மூச்சில்.

அந்தப் பக்கம் ஏதோ மணியோசை, புறாக்கள், யாரோ சிரிக்கிற சத்தம்.

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"உங்க செருப்புச் சத்தம் என் மேசைகிட்ட வந்து நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போலன்னு பக்குன்னு ஆச்சு. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாக்கலாம்னு கை வச்சேன். அப்புறம் நிமிந்து உங்க முகத்தப் பாத்தேன், நீங்க ஜன்னலப் பாத்துட்டு இருந்தீங்க." கோபமே இல்லை அந்தக் குரலில், அதுதான் என்னைக் கொன்றது. "அக்கா கண்ணுல பட்டா எந்தத் தப்பும் தப்பிக்காது, தப்புன்னா சும்மா இருக்க மாட்டாங்க, அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நினைச்சேன். அதான் திருப்பிப் பாக்காமலே குடுத்துட்டேன்."